அரைச்சுற்றுத் தளர்வு

பெடாஸ்
4 செப்டம்பர் 2023

தம்பி புவனேஸ்வரனுக்கு,

நீ வேலை செய்யும் குவா மூசாங் காட்டில் போன் லைன் கிடையாது என்று உன் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். சனிக்கிழமை சாமான் லாரியில் கடிதம் வந்து சேருமாம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். சமாதானம் பேச அல்ல.

நீ எனக்கு விட்டுப்போன ஸ்க்ராம்ப்ளர் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிடி உடைந்துவிட்டது. புதிது எங்கே கிடைக்கும், எந்த அளவில் வாங்க வேண்டும் என்று எழுது. அது போதும்.

எனக்கு இது எவ்வளவு அவசரம் என்று உனக்குத் தெரியும். பதினேழு வருடம் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவள், நாற்பத்து நான்கு வயதில் மலை டிவிஷனுக்கு வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டராகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, நானூறு ஏக்கர் செம்பனையையும் மோட்டாரிலேயே சுற்றி வர வேண்டும். மேனேஜர் ஹேமநாதன் நவம்பர் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். கடைசியில் ஒருநாள் அவரே பின்னால் வந்து பார்ப்பாராம். “முடியலன்னா வெட்கப்படாம சொல்லிடுங்க. உங்க மேசைய நான் யாருக்கும் கொடுக்கல” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாம் பிளாக் சரிவில் விழுந்தேன். மழை பெய்த செம்மண். ஆள் நடக்கும் வேகம்தான் இருக்கும். இடப்பக்கம் சாய்ந்தது, ‘டக்’ என்று ஒரு சத்தம், பிடி பாதியில் முறிந்து கிடந்தது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். வேலை முடிந்து லாரியில் போன பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

நீ கிளம்பிய அன்று அந்தப் பிடியின் ஸ்க்ரூக்கள் இரண்டும் தளர்ந்திருந்ததை நான் பார்த்தேன். கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. பிறகு பட்டறையில் சன்னாசி அண்ணனிடம் கொடுத்து நன்றாக இறுக்கச் சொன்னேன். அவர் இறுக்கியே இப்படி உடைகிறது என்றால், உன் தளர்ந்த ஸ்க்ரூவோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று பெரட்டுத் திடலில் எல்லோர் முன்னாலும் நான் பேசியதில் ஒன்றிரண்டு வார்த்தை கூடுதலாக இருக்கலாம். எதையும் அரைகுறையாக விட்டுப் போகிறவன் நீ என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா,
குமுதவல்லி

பி.கு.: விழுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் உச்சியில் நின்றேன். மேகம் எனக்குக் கீழே இருந்தது, புவன். பெடாஸ், ரெம்பாவ், ரயில் பாதை எதுவும் இல்லை. பதினேழு வருடம் அந்த மலையின் அடியில் உட்கார்ந்து அதன் பழத்தின் டன் கணக்கை எழுதியிருக்கிறேன். அது இவ்வளவு பெரிது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

•

குவா மூசாங்
16 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேண்டிய பிடியின் நம்பரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். சிரம்பான் கடையில் கிடைக்கும். இரண்டாக வாங்கி, ஒன்றை சீட்டுக்கு அடியில் கட்டி வையுங்கள்.

யார் உங்களை அதை இறுக்கச் சொன்னது?

பிடியை ஹேண்டலோடு சேர்த்துக் கவ்வுகிற வளையத்தை நான்தான் தளர்த்தி வைத்தேன். முழுக்க இறுக்கிவிட்டு அரைச்சுற்று பின்னால் திருப்பினேன். வளையத்துக்கு அடியில், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். வண்டி விழும்போது முதலில் தரையில் மோதுவது பிடியின் நுனிதான். அசைய இடம் இருந்தால் பிடி திரும்பிக்கொள்ளும். இடம் இல்லை என்றால் உடையும். அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு தளர்வு என்று கை சொல்லும். இரண்டு விரலால் கிளட்ச் பிடித்தால் வளையம் அசையக் கூடாது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் திரும்ப வேண்டும். முன் பிரேக்கின் பிடிக்கும் அதே மாதிரிதான். புதுப் பிடியின் நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். உடைந்தே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தில் உடையும், மிச்சத்தைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். கைக்கு முன்னால் அலுமினியக் கைக்காப்பும் மாட்டுங்கள். அதற்கான பட்டை என் பழைய பெட்டியில் இருக்கிறது.

வண்டியை ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கவே வேண்டாம். சரிவில் உருட்டிவிட்டு இரண்டாம் கியரைப் போட்டிருந்தால் கிளட்ச் இல்லாமலே வந்திருக்கும்.

சன்னாசி அண்ணன் இறுக்கினால் யானை வந்தாலும் அசையாது. எஸ்டேட் மோட்டார் எல்லாமே அவர் கைதான். மோட்டார் ஓட்டும் மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் டிகிரி படித்தவர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புவனேஸ்வரன்

•

பெடாஸ்
2 அக்டோபர் 2023

தம்பி புவனுக்கு,

பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவன் கடிதம் முழுக்க ‘நீங்கள்’ போட்டிருக்கிறாய். புரிந்தது. ஆனாலும் கேட்டேனே நான்? அன்று “ஏன்டா லூசா இருக்கு?” என்று கேட்டேன். நீதான் பதில் சொல்லவில்லை.

சரி, நடந்ததைக் கேள். புதுப் பிடியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். சன்னாசி அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னா கிராணியம்மா, லூசா விடச் சொல்றியா? முப்பது வருஷமா இந்தக் கையால லூசா விட்டதில்ல லா.”

“அரைச்சுற்றுதாண்ணே.”

“அரைச்சுத்தோ கால்சுத்தோ, லூசு லூசுதான். நீ விழுந்து வாரினா ஊரு என்னாத்தான் பேசும்? சன்னாசி மறந்துட்டான்னு பேசும்.”

“நான் ஏற்கெனவே விழுந்து வாரிட்டேன்.”

கடைசியில் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே தளர்த்தினேன். டேப்பையும் நானே சுற்றினேன், கைக்காப்பையும் மாட்டினேன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுதியிருப்பது நீ என்பதாலா, தளர்வாக விடுவது என்பதே எனக்கு ஆகாததாலா, தெரியவில்லை. சாயங்காலம் பெரட்டுத் திடலில் புல்மேல் வண்டியை நிறுத்தி, இடப்பக்கமாகத் தள்ளிவிட்டேன். ஆமாம், வேண்டுமென்றே. உரம் போடும் மாரியம்மா ஓடி வந்தாள். “ஐயோ கண்டக்டரம்மா, வண்டி மேல என்னா கோபம்?”

பிடி உடையவில்லை. நுனி தரையைத் தொட்டதும் மெல்ல மேல்நோக்கித் திரும்பி, கைக்காப்புக்கு உள்ளே ஒதுங்கிக்கொண்டது. நூற்று இருபது கிலோ இரும்பு விழுகிறது, விரல் தடிமன் உள்ள ஒரு துண்டு அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. தூக்கி நிறுத்தி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, புவன். சிரிக்காதே. மறுபடி தள்ளினேன். மறுபடி திரும்பியது. மாரியம்மாவும் நானும் மாறி மாறிப் பதினொரு தடவை தள்ளினோம். கடைசியில் அவள் தரையில் குந்தி உட்கார்ந்து, பிடி திரும்புவதை மட்டும் பக்கத்தில் பார்த்தாள். “உசுரு இருக்கிற மாதிரி ஒதுங்குதுக்கா” என்றாள்.

உறுதி என்றால் இறுக்கம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு ஸ்க்ரூ என்னை இப்படி உட்கார வைத்து யோசிக்க வைக்கும் என்று நினைக்கவில்லை.

மற்றவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், நானே இறுக்கச் சொல்லி நானே உடைத்த கதையும் சேர்ந்து வெளியே வரும். ஹேமநாதன் காதுக்கும் போகும். தவணை முடியட்டும், சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் எங்கே கற்றாய்? அன்று ஏன் சும்மா நின்றாய்?

குமுதா

•

குவா மூசாங்
17 அக்டோபர் 2023

அக்கா,

பதினொரு தடவை தள்ளினாயா! பாவம் அந்த வண்டி. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இங்கே கூட வேலை செய்கிற இந்தோனேசியக்காரர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இதற்காக மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

அன்று எல்லோர் முன்னாலும் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். “குடிச்சிட்டுப் படியில விழுந்து கையக் கெடுத்துக்கிட்டவன் முடுக்கின வண்டி, இப்படித்தான் இருக்கும்.” அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

நான் படியில் விழவில்லை, அக்கா. குடிக்கவும் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு காட்டு மோட்டார் ரேஸ். இனி ரேசுக்குப் போக மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, ஒரு மாதத்தில் போனேன். பிடியைச் சன்னாசி அண்ணன் கொடுத்த ஸ்பேனரால் நானேதான் இறுக்கினேன், பலம் உள்ள மட்டும். ஆற்றுக் கரையில் விழுந்தேன். பிடி முறிந்தது. முறிந்த இடம் கத்தி மாதிரி நிற்கும், நீ பார்த்திருப்பாய். வண்டி இன்னொரு தடவை புரண்டபோது அது என் இடது உள்ளங்கைக்குள் போனது. வெளியே எடுக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சத்தியத்தை மீறினேன் என்று சொல்வதைவிடக் குடித்தேன் என்று சொல்வது லேசாக இருந்தது. அம்மா போன பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் நீங்கள் எல்லோரும் அதை நம்பிப் பழகிவிட்டீர்கள். நானும் பழகிவிட்டேன்.

இரண்டு விரல் மடங்காததால் என்னால் பழையபடி கிளட்ச் பிடிக்க முடியாது. அதனால்தான் வண்டி சும்மா கிடந்தது. நீ மலைக்குப் போகிறேன் என்றதும் இரண்டு நாள் உட்கார்ந்து முடுக்கினேன். வேறு எதைச் சரியாகச் செய்தேனோ இல்லையோ, அந்த இரண்டு ஸ்க்ரூவை அளந்து விட்டேன்.

மற்றவர்களிடம் சொல், அக்கா. தவணைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளாதே.

புவன்

•

பெடாஸ்
5 நவம்பர் 2023

புவன்,

இந்தக் கடிதத்தை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது.

உடைந்த பிடியின் கட்டைத் துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். நேற்று எடுத்து, முறிந்த முனையை என் உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தேன். தோல் வெளுக்கும்வரை கூட என்னால் அழுத்த முடியவில்லை.

மன்னிப்பு என்று எழுதினேன், அடித்துவிட்டேன். பதினோரு வருடத்துக்கு அந்த ஒரு வார்த்தை எந்த மூலைக்கு? என்னை எது வாயடைக்க வைக்கிறது என்றால், நான் அப்படிப் பேசி முடித்த பிறகும் நீ குனிந்து செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வண்டி ஓட்டும்போது இப்போதெல்லாம் என் இடது கையைப் பார்க்கிறேன். விரல்கள் மடங்குகின்றன, விரிகின்றன. வண்டி மலை ஏறுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று எண்ணவே முடியாது.

மற்றவர்களிடம் சொல்வேன். தீபாவளி வரட்டும். அடுத்து மேனேஜர் வரும் நாள். அது முடிந்ததும் முதல் வேலை அதுதான்.

குமுதா

•

பெடாஸ்
1 டிசம்பர் 2023

புவன்,

நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் படி.

புதன்கிழமை காலை ஹேமநாதன் வந்தார், எஸ்டேட் புதிதாக வாங்கிய மோட்டாரில். முந்தின நாள்தான் சன்னாசி அண்ணன் அதை முழுக்கச் சரிபார்த்து அனுப்பியிருந்தார். கிளம்பும் முன் நான் அதன் கிளட்ச் பிடியைத் தட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சீட்டுக்கு அடியில் எட்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது, அரை நிமிட வேலை. ஆனால் மேனேஜருக்கு நான் பாடம் எடுக்கிறேன் என்று நினைப்பாரோ, இன்று போய் இதை இழுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஏற்றம் முழுவதும் நன்றாகப் போனேன். பன்னிரண்டாம் பிளாக்கில் பழம் வெட்டாமல் விட்டுப்போன மரங்களைக் காட்டினேன். உச்சியில் அவரும் இறங்கி நின்றார். மழை விட்டு வெயில் அடித்தது. போர்ட்டிக்சன் பக்கம் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். “இருபது வருஷமா நான் இத மேப்புலதான் பார்த்திருக்கேன், குமுதா” என்றார். வேலை எனக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இறக்கத்தில் அவர் விழுந்தார். ஒன்பதாம் பிளாக், நான் விழுந்த அதே செம்மண். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில். ‘டக்’ என்ற சத்தம் கேட்டதுமே என் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வண்டி ஒரு தடவைதான் புரண்டது. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். இடது உள்ளங்கை குறுக்கே திறந்திருந்தது.

என் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினேன். கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, எனக்குப் பின்னால் உட்கார வைத்தேன். இரண்டு பேர் பாரத்தோடு அந்தச் சரிவில் நான் ஓட்டியதே இல்லை. பாதி வழியில் நாங்களும் சாய்ந்தோம். என் பிடி ஒதுங்கியது. அவரைத் தூக்கிவிட்டு, பிடியைத் தட்டி நிமிர்த்தி, வண்டியைக் கிளப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“உங்களோடது ஏன் உடையல?”

சொன்னேன். டேப், அரைச்சுற்று, எல்லாம்.

கொஞ்ச தூரம் போனதும் என் காதுக்குப் பின்னாலிருந்து கேட்டார். “எப்ப இருந்து தெரியும்?”

“செப்டம்பர்ல இருந்து.”

அவர் என் தோளை விட்டுவிட்டு, நல்ல கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

ரந்தாவ் கிளினிக்கில் ஏழு தையல். முடிந்ததும் டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். சுண்டுவிரல் மடங்கியது. அடுத்தது மடங்கியது. பிறகு நடுவிரல், ஆள்காட்டி விரல். ஒரு மனிதனின் கை மூடித் திறப்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை போல இருந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன். உனக்கு இப்படி ஒருவர் மடக்கச் சொன்னபோது யாரும் கூட நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலை இருக்குமா போகுமா என்று தெரியவில்லை. போனால் அது சரிதான்.

குமுதா

•

குவா மூசாங்
9 டிசம்பர் 2023

அக்கா,

நீ சொல்லாமல் இருந்தது தப்பு. பூசி மெழுக மாட்டேன். நானும் சொல்லாமல் இருந்து சொல்லாமல் இருந்து ஒரு பொய்யைப் பதினோரு வருடம் வளர்த்தவன். அதனால் உன் தப்பு எப்படி நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒன்பதாம் பிளாக் இறக்கமா? நான் வண்டி ஓட்டிய நாளிலேயே அந்த இறக்கத்தில் தனியாகப் போகப் பயந்தவன். ரேசில் என்னோடு ஓட்டிய ஆட்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அந்த மண்ணில், மழைக்குப் பிறகு, பின்னால் ஒருவரை வைத்து இறங்குகிறவர் ஒரே ஒருவர்தான் ஞாபகம் வந்தார். அவருக்கும் நாற்பத்து நான்கு வயது இல்லை.

பெரட்டில் எல்லோர் முன்னாலும் நீயே சொல்லிவிடு. வேலை போனாலும் சொல்லிவிட்டுப் போ. பத்தாவது நிமிடத்தில் லேசாகிவிடும். முதல் நிமிடம்தான் மோசம்.

ஜனவரியில் பத்து நாள் லீவு. அங்கே வருகிறேன்.

புவன்

•

பெடாஸ்
18 டிசம்பர் 2023

புவன்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஹேமநாதன் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். “செப்டம்பர்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ஏழு தையல் மிச்சம்” என்றார். நான் தலையாட்டினேன். “எனக்கு உங்க மேல இன்னும் கோபம் இருக்கு. அது கொஞ்ச நாளைக்கு இருக்கும். மலைய எடுத்துக்கோங்க. ஆனா திங்கட்கிழமை பெரட்டுல, இந்த எஸ்டேட்ல ஓடுற மோட்டார் அத்தனையும் நிக்கணும். நீங்கதான் எல்லாத்தையும் தளர்த்தணும். ஏன்னு நீங்களே சொல்லணும்.”

இன்று காலை சொன்னேன். ஐம்பது பேர் இருந்தார்கள். நானே இறுக்கச் சொன்னது, உடைத்தது, உன்னைத் திட்டியது, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது. உன் கை எப்படிப் போனது என்பதையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். குடித்து விழுந்தான் என்று அதே இடத்தில் சொன்னவள் நான்தானே. முதல் நிமிடம் மோசம்தான். பத்தாவது நிமிடமும் மோசமாகத்தான் இருந்தது.

பிறகு எட்டு மோட்டார்களையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தளர்த்தித் தள்ளிவிட்டுக் காட்டத் தொடங்கினேன். முதல் மூன்றுக்குச் சன்னாசி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது விழும்போது திறந்தார். பிடி ஒதுங்கியதைப் பார்த்தார். குனிந்து, தானே தூக்கி நிறுத்தி, உள்ளங்கையால் தட்டி நிமிர்த்தினார். “இன்னொரு தடவ தள்ளு லா” என்றார். மிச்சம் நாலையும் அவரே தளர்த்தினார். ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி, மூச்சை அடக்கி, அரைச்சுற்று பின்னால்.

அதற்குப் பிறகு பேர் கூப்பிட்டேன். தவணையாக இல்லாமல், முதல் தடவையாக என் சொந்தப் பெரட்டு. என் டிவிஷன் ஆட்கள் முப்பத்தொரு பேர் ஒவ்வொருவராக ‘ஆ’ என்று குரல் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார்கள். மாரியம்மா மட்டும் ஏறாமல் நின்றாள். “உங்க பின்னால வரவா கண்டக்டரம்மா? மேல என்னா தெரியும்னு ஒரு நாள் பார்க்கணும். இருபத்திரண்டு வருஷமா லாரி பாதியிலயே இறக்கிவிட்டுடுது.” ஏற்றிக்கொண்டேன்.

உச்சியில் இன்று மேகம் இல்லை. எல்லாப் பக்கமும் பச்சை, அலை அலையாக, கண் போகிற மட்டும். அவள் வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். தான் உரம் போட்ட மரங்கள் எவை என்று தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். “இவ்வளவுமா?” என்று மட்டும் கேட்டாள். இருவரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று நிற்கும்வரை நின்றோம்.

ஜனவரியில் வா. மேலே கூட்டிப் போகிறேன். நான்தான் ஓட்டுவேன்.

இன்று மூன்று தடவை விழுந்தேன். கடிதத்தில் எழுதும்படியாக ஒன்றும் உடையவில்லை.

குமுதா